ஏழு மணி பஸ் பாட்டுக்கு நான் சொன்ன பொருள்

1

இந்த மாதத்தோடு நான் சிங்கப்பூரில் வந்து இறங்கி இருபது வருடம் முடிகிறது. வருடா வருடம் இந்தச் சமயத்தில் உங்கள் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது என் வழக்கம். ஆசிரியரும் இரக்கப்பட்டுப் போட்டுவிடுகிறார். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து ஏழு நாள் கிடந்தது, பினாங்கு வந்ததும் சிங்கப்பூர் என்று நினைத்து மூட்டையைத் தூக்கியது, எல்லாம் எழுதியிருக்கிறேன். நாகப்பட்டினம் துறைமுகத்தில் என் அப்பா என் நெற்றியில் சிலுவை வரைந்து, "போய் வா" என்று ஆசீர்வதித்து அனுப்பிய இடத்தைப் படித்து அழுதுவிட்டதாகப் போன வருடம் மூன்று பேர் கடிதம் போட்டிருந்தார்கள்.

இந்த வருடமும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. காரணம் கோபம். பேனாவைத் திறந்தால் எங்கள் பங்கு மாதா கோயில் கமிட்டிக்காரர்கள் முகம்தான் வருகிறது. ஆகவே இம்முறை அந்தக் கோபத்தையே எழுதி அனுப்புகிறேன். ஆசிரியர் போட்டால் போடட்டும். போடாவிட்டால் எனக்கு எழுதிய திருப்தியாவது மிஞ்சும்.

2

என் வேலையைப் பற்றி முன்பு அதிகம் எழுதியதில்லை. நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், தேக்கா சந்தையில் கீரை விற்பவர், சிராங்கூன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், யார் கூண்டில் ஏறினாலும் அவர்கள் தமிழில் சொல்வதை மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மாஜிஸ்ட்ரேட் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. சாட்சி "நான்" என்றால் நானும் "நான்" என்று சொல்ல வேண்டும். "இவர் இப்படிச் சொல்கிறார்" என்று இழுக்கக் கூடாது. ஆகவே இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ முறை திருடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் மண்டையை விறகுக்கட்டையால் உடைத்திருக்கிறேன். புருஷனை இழந்திருக்கிறேன். ஒரு நாள்கூட எந்த மாஜிஸ்ட்ரேட்டும் என்னைப் பார்த்து, "ஏனப்பா திருடினாய்?" என்று கேட்டதில்லை. சொல்கிறவன் வேறு, அந்த "நான்" வேறு என்பது அங்கே டவாலிச் சேவகனுக்கும் தெரியும்.

இன்னொரு முறையும் உண்டு. பொருள் விளங்கவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுமதி வாங்கிச் சாட்சியையே கேட்கலாம். "நீ சொன்னதற்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தெளிந்துவிடும். சும்மா ஊகித்து எதையும் சொல்லக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்கிற பாடம் இது.

கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேரும். வார்த்தை காதில் விழுந்து வாய் வழியாக வெளியே போய்விடும். நடுவில் எங்கும் தங்காது. தங்க விட்டால் அந்த வேலையில் இருபது நாள் தாங்க மாட்டோம். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் லூர்து, "இன்னைக்கு என்ன கேஸுங்க?" என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. லூர்து என் மனைவி. "நாள் முழுக்கப் பேசிட்டு வந்து ஒண்ணும் தெரியலேங்கிறீங்களே" என்று அவள் சிரிப்பாள்.

3

எங்களுக்கு ஒரே பெண், ஆக்னஸ். பதினேழு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள். அதாவது, தமிழில் தொடங்கி இங்கிலீஷில் இறங்கி நடுவில் ஒரு மலாய் வார்த்தையில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வருவாள். படிப்பது இன்னும் மோசம். ஊரிலிருந்து வரும் கடிதத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் தபால்காரர் அடுத்த கடிதத்தோடு வந்துவிடுவார். இதைப் பற்றி இரண்டு வருடம் முன் எழுதிய குறிப்பில் விரிவாகப் புலம்பியிருந்தேன். "பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள்" என்று தலைப்பே அப்படித்தான்.

அவள் ஒரு கிட்டார் கோஷ்டியில் பாடுகிறாள். இரண்டு சீனப் பையன்கள், ஒரு மலாய்ப் பையன், தாளம் தட்ட ஒரு யுரேஷியப் பையன், பாட இவள். சீனப் பையன்களில் ஒருவன் ஜூரோங்கில் புதிதாக வந்திருக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வேலை முடிந்து எண்ணெய்க் கறையோடு வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பான். அங்கே என்ன வேலை என்று கேட்டால், இங்கிலீஷில், "அங்கிள், கம்பி முறுக்குறோம்" என்பான். லூர்து அவர்களுக்கு வாழைப்பழ அப்பம் சுட்டுப் போடுவாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. இந்த ஊரில் மகளிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு இருபது வருடமாகியும் தெளிவு இல்லை.

மார்கழியில் எங்கள் பங்குக் கோயில் வளாகத்தில் ஃபன் ஃபேர் நடந்தது. பலூன் சுடுவது, கேக் விற்பது, சாயங்காலம் மேடையில் ஆட்டம் பாட்டு. அதில் ஆக்னஸ் கோஷ்டி நான்கு பாட்டுப் பாடியது. மூன்று ரேடியோவில் வருபவை. நான்காவது அவளே எழுதிய இங்கிலீஷ் ராக் பாட்டு. ஏழு மணி பஸ் என்று அதற்குப் பெயர். முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டார்கள். நான் அப்போது கேக் மேசையில் இருந்தேன். நெய் கேக் வேண்டும் என்று ஒரு கூட்டம் என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்ததால் பாட்டின் ஒரு வரியும் என் காதில் ஏறவில்லை.

கமிட்டியின் காதில் ஏறிவிட்டது.

4

கமிட்டி என்றால் ஐந்து பேர். அதில் இரண்டு பேர்தான் பேசுவார்கள். தலைவர் மரியநாயகம், துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று பிரதி கேட்பார். அடுத்தவர் ராயப்பன், சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் கடை ரேடியோவில் காலை முதல் தமிழ் சினிமாப் பாட்டுத்தான். கதாநாயகி மழையில் நனைந்துகொண்டு கதாநாயகனை வா வா என்று அழைக்கும் பாட்டுகளையெல்லாம் சத்தமாக வைத்துப் பருப்பு நிறுப்பார். அது பண்பாடு. தமிழில் இருக்கிறதல்லவா?

ஆக்னஸ் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதற்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். எங்கள் பங்கில் அதைக் கமிட்டிதான் எழுதும், பூசை வைக்கும் பங்குச் சாமியார் கையெழுத்துப் போடுவார். ஆறாம் வயதிலிருந்து ஞாயிறு பூசை தவறாமல் வருகிற பெண். சின்னப் பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் சொல்லிக் கொடுக்கிறவள். ஒரு காகிதம்தானே, எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று இருந்தோம்.

ஞாயிறு பூசை முடிந்து மரியநாயகம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்தோணி, சர்டிபிகேட் விஷயமா கொஞ்சம் பேசணும்லா. அந்தப் பாட்டு இருக்கே, அது நல்லா இல்லேன்னு சொல்றாங்க."

"யார் சொல்றாங்க?"

"எல்லாரும்தான். வீட்டை விட்டு ஓடிப் போற பாட்டாமே அது? பஸ்ஸுல யாரோ ஒருத்தன் எடம் பிடிச்சு வச்சிருக்கானாமே?"

ராயப்பன் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். "செருப்புன்னு வேற வருதுங்க. அப்பனைப் பார்த்துச் செருப்புன்னு பாடுது. நம்ம பொண்ணு பாடுற பாட்டா இது? பிள்ளைங்களைக் கெடுக்கிற இந்த மேல்நாட்டுக் கூத்தைத்தான் கவர்மெண்ட்டே மஞ்சள் கலாசாரம்னு சொல்லுது."

"அந்தப் பசங்களோட சாங்கிக்கு வேற போகுதாம்," என்றார் மரியநாயகம். "வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க கிளப்புல பாடுதாம்."

சாங்கி முகாமில் ஒரே ஒரு நாள், ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குப் பாடியது. அதுவும் லூர்து கூடப் போயிருந்தாள். சொன்னேன். கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நாங்க யாரையும் குத்தம் சொல்லலை," என்றார் மரியநாயகம். "ஆபீஸ் இங்கிலீஷ் தெரியும், அந்தப் பாட்டு இங்கிலீஷ் சரியாப் புரியலை. நீங்கதான் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். பாட்டை அப்படியே தமிழ்ல எழுதிக் கொடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டியில வச்சுப் பார்த்து முடிவு பண்ணிடுவோம். மூணு காப்பி."

இந்த இடத்தில்தான் நான் வெடித்திருக்க வேண்டும். ஒரு பெண் எழுதிய பாட்டைச் சாட்சியமாக வைத்து அவள் நடத்தையை விசாரிக்க நீங்கள் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர்" என்று சொன்னார்கள் பாருங்கள், அதில் குளிர்ந்து போய்த் தலையாட்டிவிட்டு வந்தேன்.

5

வீட்டில் ஆக்னஸிடம் பாட்டை எழுதித் தரச் சொன்னேன்.

"வொய் பா?"

"கமிட்டி கேட்குது. மொழிபெயர்க்கணும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்களா பண்ணப் போறீங்க?"

"வேற யாரு பண்ணுவா?"

"ஓக்கே," என்று உள்ளே போய் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். நான் எதையாவது கேட்பேன் என்று நின்றிருக்கிறாள். இப்போது தெரிகிறது. அப்போது நான் கார்பன் தாள் எங்கே என்று லூர்துவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டு மேசையில் கோர்ட்டில் போலவே உட்கார்ந்தேன். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் மூலம், வலது பக்கம் தமிழ். சொல்லுக்குச் சொல். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாட்டு இதுதான்:

கதவைச் சாத்தாதே அப்பா, நான் போகிறேன்.
நீ தைத்து வைத்த வெள்ளை உடை எனக்குச் சேராது.
ஏழு மணி பஸ் வருகிறது,
எனக்கு ஒருவர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்.
என் செருப்பு அறுந்துவிட்டது,
உன் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.
திரும்பிப் பார்க்க மாட்டேன், பார்க்க மாட்டேன், பார்க்க மாட்டேன்.
அப்பா, நீ வேறு ஜோடி வாங்கிக்கொண்டாயா?

செருப்பு வரியில் மட்டும் பேனா ஒரு நொடி நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்து மேலே எழுதினேன். கடைசியில் "இது உண்மையான மொழிபெயர்ப்பு" என்று எழுதி, பெயர் எழுதி, பதவி எழுதி, மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

6

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் பக்கத்து அறையில் கமிட்டி கூடியது. ஐந்து நாற்காலி, எதிரே எனக்கு ஒன்று. ஆக்னஸ் கதவருகே நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மரியநாயகம் என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கோர்ட்டுக் குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல்.

பிறகு அவர்கள் பொருள் சொல்லத் தொடங்கினார்கள். அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளை உடை என்பது கல்யாண உடை, அப்பா பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாள் என்றார் ஒருவர். இல்லை, முதன்முதல் நற்கருணை வாங்கும்போது போடும் புதுநன்மை உடை, வேதமே வேண்டாம் என்கிறாள் என்றார் இன்னொருவர். இடம் பிடித்து வைத்திருப்பவன் அந்தச் சீனப் பையன்தான் என்பதில் ஐந்து பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்பன் செருப்பைப் போட்டுக்கொள்வது என்றால் ஆம்பிளை மாதிரித் திரியப் போகிறேன் என்று அர்த்தம் என்று ராயப்பன் விளக்கினார். கடைசி வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். "போறதும் போறே, அப்பனுக்குச் செருப்பு விசாரணை வேறயா?"

கடவுளே, ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் எழுதிய பாட்டு அது. பொருள் வேண்டும் என்றால் ஆறு அடி தள்ளி நிற்கிறவளைக் கேட்டால் போதும். ஐந்து பெரிய மனிதர்களில் ஒருவர் வாய் திறந்து, "உன் பாட்டுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்கவில்லை. கூண்டில் ஏறும் திருடனுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை என் மகளுக்குக் கோயில் அறையில் கிடைக்கவில்லை.

"பாட்டுல 'நான்'னுதானே வருது?" என்றார் மரியநாயகம் என்னைப் பார்த்து. "நீங்களே அப்படித்தானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப பாடுறது அவதானே? நான்னா அவதானே?"

வாழ்நாள் முழுக்கப் பிறத்தியாருக்காக "நான்" சொல்லிச் சோறு தின்பவன் நான். அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே சரியான பதில் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். நான் சொன்னது என்ன தெரியுமா? "எழுதியிருக்கிறதை அப்படியே கொடுத்திருக்கேன். விளக்கம் சொல்றது என் வேலை இல்லை." சொல்லிவிட்டு ஆக்னஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சான்றிதழ் இல்லை என்று முடிவாயிற்று. மூன்று பிரதியிலும் பதிவு செய்தார்கள்.

7

பஸ்ஸில் ஏறாமல் இருவரும் நடந்தே வந்தோம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. கமிட்டி மேல் காட்ட முடியாததை மகளிடம் காட்டினேன்.

"யாரு அது? எடம் பிடிச்சு வச்சிருக்கிறவன்? அந்தக் கிட்டார் பையனா?"

அவள் நின்றாள். ரோட்டோரம் ஒரு ஐஸ் கடை. சுரண்டிய ஐஸைக் கையில் உருட்டி, சிவப்புச் சர்பத் ஊற்றிக் கொடுப்பார்களே, அந்தக் கடை.

"அப்பா, யூ ரியலி டோன்ட் நோ?"

"என்ன தெரியணும்?"

"இங்கதான்பா எனக்கு ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தீங்க. நான் பிரைமரி ஃபைவ். உங்க செருப்பைப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனேன்னு அடிச்சீங்க. ரிமெம்பர்? நீங்க என்னை அடிச்சது அந்த ஒரு தடவைதான். அப்புறம் இங்க கூட்டிட்டு வந்து தாத்தா ஸ்டோரி சொன்னீங்க. சொல்லிட்டு, அம்மாகிட்ட சொல்லாதே, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னீங்க. நான் ப்ராமிஸ் பண்ணேன்."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"அது உங்க பாட்டுப்பா. அந்த 'ஐ' நீங்கதான். ஷிப்னு போட்டா யாராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பஸ்னு மாத்தினேன். உள்ள நின்னப்ப சொல்லியிருப்பேன். பட் ஐ ப்ராமிஸ்ட், லா."

8

இனி உங்களுக்கு நான் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு என் அப்பா வரவில்லை. நெற்றியில் சிலுவை வரையவில்லை. போன வருடம் அழுத மூன்று பேரும் என்னை மன்னிக்க வேண்டும்.

என் அப்பா எங்கள் ஊர்க் கோயிலில் சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார். என்னைச் சாமியாராக்குவதாக நேர்ந்திருந்தார். சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் சேரும்போது போட்டுக்கொண்டு போக வெள்ளை அங்கி ஒன்று தைத்து, மடித்து, மேசைமேல் வைத்திருந்தார். புறப்பட வேண்டிய நாள் காலையில், கோயில் மணி அடிப்பதற்கு முன், நான் கிளம்பிவிட்டேன். நண்பன் ஒருவன் முன்னாலேயே போய்க் கப்பலில் எனக்கும் பாய் விரித்து இடம் பிடித்து வைத்திருந்தான். என் செருப்பு வார் அறுந்து கிடந்தது. வாசலில் இருந்தது அப்பாவின் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவரிடம் வேறு செருப்பு கிடையாது.

இதை ஒரே ஒரு தடவை, பதினொரு வயதுப் பெண்ணை அடித்த குற்ற உணர்ச்சியில், ஐஸ் கடை வாசலில் சொன்னேன். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை பொய்யை எழுதி எழுதி, நடந்ததைப் புதைத்து, அவளிடம் சொன்னதையே மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. தனக்குத் தெரிந்த மொழியில், கிட்டாரோடு, என் சார்பில் "நான்" என்று சொல்லிப் பாடியிருக்கிறாள். கோர்ட்டில் நான் யார் யாருக்கோ செய்வதை அவள் எனக்குச் செய்தாள். அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டு, அவளைக் காட்டிக் கொடுத்தவன் நான். கமிட்டிக்காரர்களுக்காவது கதை தெரியாது. எனக்கு என்ன கேடு?

குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோது இந்த ஊருக்கு வந்த காரணம் கேட்டார்கள். படிவத்தில் அதற்கு இரண்டு அங்குல இடம். "வேலை" என்று எழுதினேன். எவ்வளவு சௌகரியமான இரண்டு அங்குலம்!

ஐஸ் கடையிலிருந்து வந்த அன்றே லூர்துவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வருஷா வருஷம் உங்க அப்பாவுக்குப் பூசை வைக்கிறப்பல்லாம், மனசாரப் புள்ளைய அனுப்பி வச்ச மனுஷன்னு நான் நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க பொய் சொன்னதுகூடப் போகட்டும். அந்தப் புள்ளை இதை ஒத்தையாச் சுமந்திருக்குதே, அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

மறுபடி கமிட்டியைக் கூட்டச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

9

இந்த முறை நான் நாற்காலியில் உட்காரவில்லை. ஆக்னஸை உட்கார வைத்தேன். நான் நின்றேன்.

"போன வாரம் மொழிபெயர்ப்பாளரா வந்தேன். இன்னைக்குச் சாட்சியா வந்திருக்கேன். அந்தப் பாட்டுல நான்னு வர்றது ஆக்னஸ் இல்லை. நான்தான்." என்று ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். வெள்ளை உடை எது, இடம் பிடித்தவன் யார், செருப்பு யாருடையது. கோர்ட்டுக் குரல் வரவில்லை. வேறு ஏதோ குரல் வந்தது.

பிறகு மரியநாயகம் கேட்டார், "அப்ப நீங்க குருமடத்துக்குப் பயந்து ஓடி வந்தவரா? பேப்பர்ல எழுதினது?"

"பொய்."

"கோயில் கமிட்டிக்கு முன்னால சொல்றீங்க, அந்தோணி."

"ஆமா. எழுதிக்கோங்க. மூணு காப்பி."

ராயப்பன் தொண்டையைச் செருமினார். "அட, இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல? இது நல்ல பாட்டாவுல்ல இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே பாட்டுத்தானய்யா! ஒரு சொல்லும் மாறவில்லை. பாடியவள் ஓடிப் போனால் மஞ்சள், அவள் அப்பன் ஓடி வந்திருந்தால் நல்ல பாட்டா? போன வாரம் சிரித்தீர்களே, அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். சாமியாரே வந்து எட்டிப் பார்த்தார். மரியநாயகம் பேனாவைத் திறந்து, ஆக்னஸைப் பார்க்காமல், "மன்னிச்சுக்கம்மா" என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். ராயப்பன் சொல்லவில்லை. அவர் கடையில் இப்போது நாங்கள் சாமான் வாங்குவதில்லை.

சான்றிதழ் கிடைத்தது. ஆக்னஸ் அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

10

வீட்டுக்கு வந்து, சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கடைசி லைன்ல ஒரு கொஸ்டின் இருக்குல்ல? அது நிஜமாவே எனக்குத் தெரியாம எழுதினது. தாத்தா வேற செருப்பு வாங்கினாரா?"

நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இத்தனை வருடத்தில் அதை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அலமாரியில் என் தங்கையின் பழைய கடிதம் ஒன்று இருக்கிறது. நான் வந்த ஆறாம் வருடம், அப்பா இறந்ததைச் சொல்லி எழுதியது. லூர்துவிடம் சாவுச் செய்தியை மட்டும் படித்துக் காட்டிவிட்டு மீதியை மடித்து வைத்திருந்தேன். அதை எடுத்து வந்தேன். இவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகுமே என்று, தமிழைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே?

அப்பா கடைசி வரை வெறுங்காலோடுதான் கோயிலுக்குப் போனார் என்று சொன்னேன். வேறு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சாமியார் முதற்கொண்டு எல்லோரும் சொன்னார்கள் என்று சொன்னேன். அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். அந்தப் பதிலை அவர் சொன்னபடியே, "நான்" என்று அவராக இருந்தே சொல்ல வேண்டும், அதுதான் முறை. "மை சன்" என்று ஆரம்பித்தேன்.

இருபது வருடத்தில் நான் பாதியில் நிறுத்திய முதல் வாக்கியம் அது. எவ்வளவு முயன்றும் அடுத்த சொல் வரவில்லை.

ஆக்னஸ் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். விளக்குக்கு அருகே பிடித்து, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டித் தமிழிலேயே வாசித்தாள்.

"என்... மகன்... போட்டுக்... கொண்டு... போயிருக்... கிறான். வரும்... போது... கொண்டு... வருவான்."